குரங்குப் பெடல் தெரியும்... ஒட்டகப் பெடல் தெரியுமா?

குரங்குப் பெடல் போடாமல் சைக்கிள் கற்றுக்கொண்ட தலைமுறை நம் ஊரில் இப்போதுதான் வளர்ந்து வருகிறது. அதற்கு முந்தையவர்கள் எல்லோரும் அப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு பழகியவர்கள்தான். ஆளைவிடச் சைக்கிள் பெரிதாக இருந்தால் என்ன கஷ்டம் என்று தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். 2024-ல் 'குரங்கு பெடல்' என்ற பெயரிலேயே சினிமாவும் வந்துவிட்டது.

சைக்கிளைவிட ஆள் பெரிதாக இருந்தால்? அந்தக் கஷ்டம் அவருக்கு மட்டும்தான் தெரியும். முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். முதுகு கேள்விக்குறி மாதிரி வளையும். சீட்டை எவ்வளவு தூக்கினாலும் கால் நீளாது. இதற்குப் பெயர் இல்லை என்பதால் நானே வைத்துவிடுகிறேன்... ஒட்டகப் பெடல்!

ஆறடி உயரம், 105 கிலோ எடை. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அண்ணனாக, மாமாவாக, பிளஸ் டூ முடித்த பையனாக. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, "தினமும் கொஞ்ச நேரம் சைக்கிள் ஓட்டுங்க" என்கிறார் டாக்டர். ஆசையாக ஒரு கியர் சைக்கிள் வாங்குகிறார். பத்தாவது நாள் பின்சக்கரத்தில் 'டங்'கென்று ஒரு கம்பி அறுகிறது. மாற்றினால், அடுத்த வாரம் இன்னொன்று. "உங்க வெயிட்டுக்கு இது தாங்காது சார்" என்கிறார் கடைக்காரர். "முதல்ல உடம்பைக் குறை, அப்புறம் சைக்கிள் ஓட்டலாம்" என்கிறார்கள் வீட்டில். மூன்றாவது மாதம் அந்தச் சைக்கிள் வராந்தாவில் துண்டு காயப்போடும் ஸ்டாண்டு.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான் இது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, குற்றவாளியைச் சரியாக அடையாளம் காண்பது. அது அவர் உடம்பு இல்லை. வாங்கிய சைக்கிள்.

மூட்டை சுமந்த சைக்கிள்

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நெல் மூட்டை போதும். கொள்முதல் நிலையத்தில் இன்று ஒரு மூட்டை 40 கிலோ. கேரியரில் இரண்டு மூட்டை, ஓட்டுபவர் 60 கிலோ என்று வைத்தால் மொத்தம் 140 கிலோ. இந்தப் பாரத்தை ஒரு சாதாரணச் சைக்கிள் வரப்போரப் பாதையிலும் ஆற்றங்கரை மேட்டிலும் இழுத்துக்கொண்டு போனதை டெல்டாவில் நாற்பது வயதைத் தாண்டிய யாரும் பார்த்திருப்பார்கள். பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். ஆனாலும் சக்கரம் கோணியதில்லை.

எப்படி? அந்தப் பழைய 'டபுள் பார்' காலத்துச் சைக்கிளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி. பாரம் பின்னால்தான் அதிகம் விழும் என்று தெரிந்தே அப்படிக் கட்டினார்கள். இது பழைய இங்கிலாந்து சைக்கிளின் கணக்கு. 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் இங்கேயே தயாரான பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. தடித்த இரும்பு ஃபிரேம். ஷாக் அப்சார்பர் இல்லாத உறுதியான முன்போர்க். ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டு. ஃபிரேமிலும் 20, 22, 24 இன்ச் என்று அளவுகள். உயரமானவர் கடையில் '24 இன்ச்' என்று சொன்னால் போதும்.

இன்றைக்குக் கடை வாசலில் பளபளவென்று நிற்கும் மலிவு விலை மவுன்டன் பைக்கில் இவற்றில் எத்தனை இருக்கின்றன? தடித்த டயரும் முரட்டுத் தோற்றமும் இருக்கின்றன. பின்சக்கரத்தில் கம்பி 36, இல்லாவிட்டால் 32. பல மாடல்களுக்கு ஃபிரேம் ஒரே ஒரு அளவுதான். பார்க்கத்தான் பயில்வான்!

அதற்காகப் பழைய சைக்கிளையே வாங்கச் சொல்லவில்லை. கியர், டிஸ்க் பிரேக், தடித்த டயர் எல்லாம் நல்ல விஷயங்கள்தான். அந்தப் பழைய சைக்கிள் எதையெல்லாம் கவனித்ததோ, அதையெல்லாம் புதிய சைக்கிளிலும் தேடி வாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

29 என்பது சக்கரத்தின் அளவு!

உயரமானவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான். "26 வேணுமா, 27.5 வேணுமா, 29 வேணுமா?" என்று கேட்பார்கள். பெரியது நமக்கு என்று 29-ஐ எடுத்துவிடுவோம். அந்த எண் சக்கரத்துக்கு. உங்கள் உடம்புக்கான அளவு ஃபிரேமில் இருக்கிறது. 29 சக்கரம் மாட்டிய மீடியம் ஃபிரேம், மீடியம் ஆளுக்குத்தான் பொருந்தும்.

ஆறடியை ஒட்டி இருப்பவர்கள் 'லார்ஜ்', அதாவது 19 முதல் 20 இன்ச் ஃபிரேமைப் பாருங்கள். ஆறடி மூன்று அங்குலத்தைத் தாண்டியவர்கள் 'எக்ஸ்எல்', அதாவது 21 இன்ச்சும் அதற்கு மேலும். கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும். அதனால் உங்கள் கால் அளவைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

வீட்டிலேயே அளந்துவிடலாம். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையே, சீட்டில் உட்கார்ந்திருப்பது போல மேலே அழுத்திப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் வருவதுதான், பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். கால் அளவு 88 செ.மீ. என்றால் சுமார் 78 செ.மீ. பெருக்கலெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள். முட்டி நேராக நீள வேண்டும்.

இந்த உயரத்துக்குச் சீட்டைத் தூக்கும்போது சீட்டுக் குழாயில் ஒரு கோடு தெரிகிறதா? அதுதான் எல்லை. அந்தக் கோடு ஃபிரேமுக்கு வெளியே வரவே கூடாது. சின்ன ஃபிரேமை வாங்கிவிட்டுச் சீட்டை மட்டும் ஏற்றி ஓட்டும் உயரமானவர்கள் தினமும் இந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள். ஃபிரேமுக்குள் போதிய நீளம் இல்லாத குழாய் ஒருநாள் வளையும், அல்லது ஃபிரேமின் கழுத்தையே பிளக்கும். பின்னால் லாரி வரும் சாலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சீட்டு தாழ்வாக இருப்பதும் சின்ன விஷயமில்லை. முட்டி முழுக்க நீளாமல் மணிக்கணக்கில் மிதித்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். "சைக்கிள் ஓட்டினால் முட்டி போயிடும்" என்று சொல்பவர்கள் பலர் தப்பான உயரத்தில் ஓட்டியவர்கள். உண்மையில், உடம்பின் பாரத்தைச் சீட்டு வாங்கிக்கொள்வதால் நடப்பதையும் ஓடுவதையும்விட சைக்கிளில் முட்டிக்கு அடி குறைவு. எடை அதிகமுள்ளவர்களுக்குச் சைக்கிளைச் சிபாரிசு செய்வதே அதனால்தான்.

எடை... எங்கே உடையும்?

ஒவ்வொரு சைக்கிளின் கையேட்டிலும் அதிகபட்ச எடை அச்சிடப்பட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. சில கம்பெனிகள் ஓட்டுபவரின் எடையைச் சொல்லும். சில கம்பெனிகள் ஓட்டுபவர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்துச் சொல்லும். 'மொத்தம் 120 கிலோ' என்று போட்டிருந்தால், 15 கிலோ சைக்கிள் போக உங்களுக்கு மிச்சம் 105 தான். பல வெளிநாட்டுக் கம்பெனிகளின் மவுன்டன் பைக் கையேடுகளில் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ என்ற எண்ணைப் பார்க்கலாம். வாங்கும் முன்பே கையேட்டைக் கேட்டுப் படியுங்கள். அந்த எல்லையைத் தாண்டினால் வாரன்டி கேட்கவும் முடியாமல் போகலாம்.

எடை கூடும்போது முதலில் அடி வாங்குவது பின்சக்கரம். கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ரிம். ஒற்றைச் சுவர், இரட்டைச் சுவர் என்று இரண்டு வகை. கடையில் 'டபுள் வால்' என்று கேளுங்கள். உள்ளே பெட்டி போல இரண்டு அடுக்கு இருப்பதால் எளிதில் கோணாது.

இரண்டு, கம்பி. 36 கம்பி போட்ட பின்சக்கரம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 32 தான் இருக்கிறது என்றால், நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து எல்லாக் கம்பியையும் சம இழுவைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதுச் சக்கரத்தில் கம்பிகள் கொஞ்சம் தளரும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி காட்டிக் கோட்டம் எடுக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு நான்கு தடவை போய்வந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். இதைச் செய்யாததால்தான் பத்தாவது நாள் 'டங்'. ஒரு கம்பி அறுந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். அதனால்தான் அடுத்தடுத்து அறுகிறது.

மூன்று, அச்சு. கியர் பல்சக்கரங்கள் பின்சக்கரத்தில் உட்காரும் விதம் இரண்டு. 'ஃப்ரீவீல்' முறையில் மொத்தப் பல்சக்கரமும் ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகப்பட்டிருக்கும். அச்சைத் தாங்கும் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். வெளியே நீண்டு நிற்கும் அச்சு, கனமான ஆள் பள்ளத்தில் இறங்கும்போது வளையும். 'கேசட்' முறையில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடும், அச்சுக்குத் தாங்குதல் அதிகம். பின்னால் 7 பல்சக்கரம் வரை உள்ள மலிவுச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான். 9-க்குப் போனால் கேசட் கிடைக்கும். கொஞ்சம் கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால், இதற்குக் கொடுங்கள்.

மலை இல்லாத ஊரில் மவுன்டன் பைக் எதற்கு?

நியாயமான கேள்வி. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள். வழியில் மேடு என்றால் அந்த ஐந்து பாலங்கள்தான்!

ஆனாலும் தடித்த டயர் இங்கே தேவை. மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயை நாம் இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறோம். அதன் கரையில், தண்ணீர் ஓடும் மாதங்களில் காலை ஆறு மணிக்கு ஓட்டினால் டாக்டர் சொன்னதே மறந்துபோகும். அந்தக் கரைப் பாதைகளில் கப்பியும் பள்ளமும் சீமைக் கருவேல முள்ளும் உண்டு. எனவே 2.1 அல்லது 2.2 இன்ச் டயர் சரி. நூறு கிலோ ஆளுக்கு முன்னால் 40, பின்னால் 45 பி.எஸ்.ஐ. காற்றில் ஆரம்பித்து, டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைக்குள் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். காற்று குறைந்தால், பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்தது போல அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஷாக் அப்சார்பர்? மலிவுச் சைக்கிளில் வரும் ஸ்பிரிங் போர்க், 65 கிலோ ஆளைக் கணக்கில் வைத்தது போலத்தான் நடந்துகொள்ளும். கனமான ஆள் உட்கார்ந்ததுமே பாதி அமுங்கிவிடும். பிரேக் பிடித்தால் தலை குப்புற இறங்கும். எடைக்கேற்ப அழுத்தம் ஏற்றக்கூடிய காற்று போர்க் நல்லது, விலைதான் அதிகம். சமவெளியில் ஓட்டும் நமக்கு ஷாக் இல்லாத உறுதியான போர்க்கே போதும். மிச்சமாகும் பணத்தைச் சக்கரத்தில் போடுங்கள்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். எடை கூடினால் நிற்க எடுக்கும் தூரமும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக் வழுக்கும். டிஸ்க் பிரேக் பாதுகாப்பானது. தட்டின் அளவு 160 மில்லிமீட்டரா, 180-ஆ என்று கேளுங்கள். போர்க் அனுமதித்தால் முன்னால் 180 போடலாம். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியும் இருக்கட்டும். நம் வண்டல் மண் சகதியில் இறங்கினால் அது அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

அக்காக்களே... லேடீஸ் சைக்கிள் கட்டாயமில்லை

உயரமான, கனமான பெண்களுக்கு இன்னொரு தொல்லை. கடைக்குள் போனதுமே லேடீஸ் சைக்கிள் இருக்கும் மூலைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அங்கே ஃபிரேம் பெரும்பாலும் சின்னது. மேல் பார் இல்லாததால், அதற்கு ஈடுகட்டித் தடிமனாகச் செய்யாவிட்டால் உறுதியும் குறைவு.

1991-92-ல் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். குழந்தையை உட்காரவைக்கப் பார் வசதி என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. தங்கள் தேவைக்கு எது சரியோ அதை எடுத்தார்கள். நீங்களும் உங்கள் அளவுக்கு லார்ஜ் ஃபிரேமைக் கேளுங்கள். பின்பக்கமாகக் காலைத் தூக்கிப் போட முடியாதவர்கள், மேல் பார் நன்றாகச் சரிந்து இறங்கும் மாடலைத் தேடுங்கள்.

உடம்பைத் தொடும் சாமான்கள்

சீட்டு: மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். கனமான ஆள் உட்கார்ந்தால் மெத்தை அமுங்கி, நடுவில் பிதுங்கி, மரத்துப்போகும். இடுப்பெலும்பு இரண்டும் பதியும் அளவுக்கு அகலம், ஓரளவு கெட்டி. அதுதான் சரி.

பெடல்: பிளாஸ்டிக் பெடல் எழுந்து நின்று மிதித்தால் உடையலாம். அகலமான உலோகப் பெடலாக மாற்றிவிடுங்கள். பத்து, பதினொன்று சைஸ் கால்களுக்கு அகலம் முக்கியம்.

ஹெல்மெட்: புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்து, செ.மீ. கணக்கில் வாங்குங்கள். 60-ஐத் தாண்டினால் எக்ஸ்எல் கேளுங்கள். தலையின் மேல் தொப்பி போல உட்காரும் ஹெல்மெட் விழும்போது உதவாது.

உடை: பேட் வைத்த ஷார்ட்ஸ் 3எக்ஸ்எல் வரை ஆன்லைனில் கிடைக்கிறது. கூச்சமாக இருந்தால் மேலே டிராக் பேன்ட் போட்டுக்கொள்ளலாம். வேட்டிக்காரர்கள் செயின் கவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆன்லைனில் சைக்கிளையே வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் 85 சதவிகிதம் பூட்டியதாகத்தான் வரும். மிச்சத்தை வீட்டில் திருகாதீர்கள். பெடலும் ஹேண்டிலும் சரியாக இறுகாவிட்டால், எடை கூடியவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

உலகத்தில் நீங்கள் தனியாள் இல்லை

உலகிலேயே உயரமான மக்கள் நெதர்லாந்துக்காரர்கள். அங்கே ஆண்களின் சராசரி உயரமே ஆறடி. நம் டெல்டா மாதிரியே தட்டையான, கால்வாய் ஓடும் நாடு. அங்கே ஆறரை அடி ஆளுக்கும் சாதாரணக் கடையில் ஃபிரேம் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஏழடி ஆட்களுக்காகவே 36 இன்ச் சக்கரத்தில் சைக்கிள் செய்கிறார்கள். அதன் வாடிக்கையாளர்களில் ஒருவர் கூடைப்பந்து வீரர் ஷாகில் ஓ'நீல். கருங்கல் பாவிய சாலைகளில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயத்தை 2004-ல் வென்ற ஸ்வீடன் வீரர் மாக்னஸ் பாக்ஸ்டெட் ஆறடி நான்கு அங்குலம், 90 கிலோவுக்கு மேல்.

இங்கே உங்கள் அளவு கடை வாசலில் நிற்காது. தஞ்சாவூரில் இல்லை என்றால் திருச்சியில் கேளுங்கள், சென்னையில் கேளுங்கள். கடைக்காரரிடம் ஆர்டர் போட்டு வரவழைக்கச் சொல்லுங்கள். இந்த ஆறு கேள்விகளை போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள்.

1. இந்த மாடலில் லார்ஜ், எக்ஸ்எல் ஃபிரேம் வருமா?
2. கையேட்டில் அதிகபட்ச எடை எவ்வளவு? ஆள் மட்டுமா, எல்லாம் சேர்த்தா?
3. பின்சக்கரத்தில் எத்தனை கம்பி? ரிம் டபுள் வாலா?
4. ஃப்ரீவீலா, கேசட்டா?
5. ஷாக் இல்லாத போர்க் கிடைக்குமா?
6. நூறு கிலோமீட்டர் ஓடியதும் கோட்டம் எடுத்துத் தருவீர்களா?

இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும். எடையைச் சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிய சைக்கிள்கள்தான் அதிகமாக வராந்தாவில் நிற்கின்றன. மூட்டையின் எடையைச் சொல்லாமல் யாராவது வண்டி பிடிப்பார்களா?

சைக்கிள் வந்துவிட்டதா? இதயக் கோளாறோ மூட்டுத் தொல்லையோ இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் வாரம் தினம் மூன்று கிலோமீட்டர் போதும். அடுத்த வாரம் ஐந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பாலத்தையும் ஏறி இறங்கித் திருவையாற்றுக்குப் போங்கள். அங்கே அசோகா அல்வா பிரபலம். கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்... திரும்பி வரவும் 13 கிலோமீட்டர் இருக்கிறதே!